சங்கிலிக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில்

2001 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதிமூன்று வயது. மதுரையில் எங்கள் வீட்டில் காலைப் பேப்பரை முதலில் படிப்பவர் சித்தப்பாதான். வேலைக்குப் போகாத மனிதருக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சலுகை அது. அன்றைக்கு முதல் பக்கத்தைப் பார்த்தார், பேப்பரை நான்காக மடித்தார், அப்பத்தாவின் மடியில் வைத்தார். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார்.

அப்பத்தாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அன்று படமே போதுமானதாக இருந்தது. ரெண்டு வருஷமாக அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாக்கியம் உண்டு: “ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மண்டலம் வச்சுப் பாப்பமேடா.” அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

முந்தைய நாள் விடியற்காலை, ஏர்வாடியில் ‘மனநலக் காப்பகம்’ என்று நடத்தப்பட்ட ஓர் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவர்களின் கால்கள் சங்கிலியில். சங்கிலி மாட்டப்படாத சிலர் ஓடித் தப்பினார்கள். 28 பேர் இறந்தார்கள். செய்தி கேள்விப்பட்டு உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்குக்கு ‘தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் 25 சங்கிலியிட்டவர்களின் மரணம் குறித்து’ என்று பெயர். முதலில் எண்ணியது 25. மற்றவர்கள் பிறகு இறந்தார்கள். சட்டப் புத்தகங்களில் வழக்கின் பெயர் இன்றுவரை 25-ஆகவே நிற்கிறது. பெயர் திருத்தப்படவில்லை என்பது சட்ட நடைமுறை சார்ந்த சின்ன விஷயம்தான், தெரியும். ஆனாலும் அந்த மூன்று பேரைப் பற்றி அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

*

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், கீழக்கரை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அந்த வழியில் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்காரவைக்கப்பட்ட ஒருவரையும் அவர் கையைப் பிடித்தபடியே தூங்கும் ஒரு அம்மாவையும் பார்த்தால் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சுல்தான் சையத் இப்ராஹிம் ஷஹீதின் தர்காவுக்கு மதம் பார்க்காமல் ஜனம் போகிறது. தர்கா விளக்கின் எண்ணெய், ஓதிய தண்ணீர், பிறகு காத்திருப்பு. கனவில் உத்தரவு வரும், வந்தால் வீட்டுக்குப் போகலாம். மாதமும் ஆகலாம், வருஷமும் ஆகலாம்.

இந்தக் காத்திருப்புதான் பிரச்சினையின் தொடக்கம் என்று நினைக்கிறேன். நம்பிக்கை அல்ல, காத்திருப்பு. அறுவடை இருக்கிறது, தறி இருக்கிறது, மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வருஷக் கணக்கில் ஒரு குடும்பம் எப்படித் தர்கா வாசலில் உட்கார முடியும்? அந்த இடத்தில்தான் தனியார் கொட்டகைகள் முளைத்தன. அவற்றை ஆரம்பித்தவர்களில் பலர், ஒரு காலத்தில் தங்கள் சொந்தக்காரரின் குணத்துக்காக ஏர்வாடிக்கு வந்து தங்கிப்போனவர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். ஒரு சங்கிலி ஓர் ஆள் சம்பளத்தை மிச்சப்படுத்தியது, அவ்வளவுதான் அதன் பொருளாதாரம். அரக்கர்கள் யாரும் தேவைப்படவில்லை.

இன்னொரு பக்கம் அரசின் வரைபடத்தைப் பாருங்கள். மொத்தத் தமிழ்நாட்டுக்கும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்று, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய காப்பகத்தின் வாரிசு அது. ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. ஆனால் அங்கே தருவது மாத்திரையும் அடுத்த தேதியும். அடுத்த தேதி வரைக்கும் அந்த ஆள் எங்கே இருப்பான், யாருடன் இருப்பான், ராத்திரி தூங்காவிட்டால் யார் கவனிப்பார்கள்? அந்தக் கேள்வி எந்தத் துறையின் கோப்பிலும் இல்லை. அதற்கான பதில் ‘குடும்பம்’ என்று எல்லோரும் சொல்லாமலே முடிவு செய்திருந்தார்கள்.

எங்கள் தொழிலில் ‘சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்’ என்று ஒன்றைச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எந்த ஒரு பாகம் நின்றால் மொத்தமும் நின்றுபோகுமோ, அது. நல்ல சிஸ்டத்தில் அப்படி ஒன்று இருக்கக் கூடாது. நம்மூரில் மனநோய் உள்ளவருக்கு அந்த ஒற்றைப் பாகம் பெரும்பாலும் அம்மா. அம்மா களைத்தால் ஏர்வாடி, அம்மா செத்தால் தெரு.

*

இதே கதை வேறொரு ஊரில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. பெல்ஜியத்தில் கேல் என்று ஒரு சிற்றூர். அங்கே புனித டிம்ஃப்னாவின் தேவாலயம். புத்தி பேதலித்த தகப்பனிடமிருந்து தப்பி அயர்லாந்திலிருந்து ஓடிவந்த இளவரசி அவள், அந்தத் தகப்பன் கையாலேயே தலை வெட்டுப்பட்டாள் என்பது கதை. மனநோய் உள்ளவர்களை மத்திய காலத்திலிருந்தே அங்கே கூட்டிவந்தார்கள். தேவாலயத்தை ஒட்டி அவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது, அது போதாமல் ஆனது. வந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கே தங்குவது? ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். வந்தவர்கள் வயலில் வேலை செய்தார்கள், மாடு பார்த்தார்கள், அதே மேசையில் சாப்பிட்டார்கள். சிலர் திரும்பிப் போகவே இல்லை. 1930-களின் கடைசியில் அப்படித் தங்கியிருந்தவர்கள் 3,700-க்கும் மேல். இப்போது எண்ணிக்கை சில நூறுக்கு இறங்கிவிட்டது, ஆனால் நிற்கவில்லை. அவர்களை ‘நோயாளி’ என்று சொல்வதில்லை, ‘தங்கியிருப்பவர்’ என்கிறார்கள்.

ஒரு புனிதத் தலம், குணம் தேடி வரும் கூட்டம், நீளும் காத்திருப்பு, இடம் கொடுக்கும் ஊர். இதுவரை ஏர்வாடியும் கேலும் ஒன்றேதான். பிறகு ஏன் ஒன்று வீடாக விரிந்தது, மற்றது கொட்டகையாகச் சுருங்கியது? கேல் மக்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1850-இல் பெல்ஜிய அரசு அந்த ஏற்பாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மருத்துவர் வந்தார், பின்னால் ஓர் ஆஸ்பத்திரி நின்றது, இடம் கொடுத்த குடும்பத்துக்குப் பணம் வந்தது, எட்டிப் பார்க்க ஆள் வந்தது. அதாவது குடும்பத்துக்குப் பின்னால் இன்னொரு சுவர் எழுப்பப்பட்டது. ஏர்வாடிக் கொட்டகைகளுக்குப் பின்னால் கருவேலங்காடுதான். 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்றது. உரிமம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதற்கு 28 உயிர் போக வேண்டியிருந்தது.

தீ நடந்த ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அந்த மாதிரிக் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். மூடுவது சுலபம். ஒரு உத்தரவு, ஒரு பூட்டு. அந்த 500 பேர் இனி எங்கே வாழ்வார்கள் என்பதற்கு ஒரு உத்தரவு போதாது.

அடுத்த வருஷமே, 2002-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்திருந்தார்கள். மனநோய் உள்ளவர்கள், கூட ஒரு சொந்தக்காரர், தங்குவதற்குக் காசு இல்லை, கோயிலில் சின்னச் சின்ன வேலை. பெரிய சடங்கு என்று ஒன்றும் இல்லை. கிளம்பும்போது நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. மிரட்டல் இல்லாத, ஆதரவான இடத்தில் இருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஏர்வாடி எரிந்த சூட்டில் இதைப் படித்தவர்கள் சிலர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கையும்கூட. ஆனால் சாமியா மருந்தா என்று நாம் பட்டிமன்றம் போடும் இடத்தில் அந்தக் கட்டுரை வேறொன்றைத் தொட்டது: எந்த இடம், யாருடன்.

மதுரைக்காரர்கள் சிலருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் இங்கே தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, மாத்திரைக்கு அப்புறம் என்ன என்ற இடத்திலிருந்துதான் வேலையைப் பிடித்தது. தொழில் பழகுவது, பகலில் போய் இருக்க ஓர் இடம், வீட்டாருக்குப் புரியவைப்பது. ஏர்வாடிக்கும் அவர்கள் போனார்கள். பின்னாளில் தர்காவிலேயே ‘தவா–துவா’ என்று, மருந்தும் பிரார்த்தனையும் பக்கம் பக்கமாக நடக்கும் ஏற்பாடு வந்தது. ‘மூடநம்பிக்கை ஒழிக’ என்று கத்திவிட்டு வருவதைவிட இது கஷ்டமான வேலை. தர்காவுக்கு வருகிறவரை வராதே என்று சொல்லாமல், வந்த இடத்திலேயே டாக்டரைப் பார்க்கவைப்பது.

*

தனித்து வாழ்வது என்ற சொல்லே நமக்குக் கொஞ்சம் சோகமாகக் கேட்கிறது. அனாதை மாதிரி. இந்தச் சொல்லை உலகத்துக்குப் புதிதாகக் கொடுத்தது அமெரிக்காவின் பெர்க்லி. போலியோவில் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது விடுதி எதிலும் இடமில்லை, கல்லூரி ஆஸ்பத்திரியில் தங்கவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1972-இல், அவரும் நண்பர்களும் சேர்ந்து தனித்து வாழ்வோர் மையத்தைப் பதிவு செய்தார்கள். அங்கே தத்துவம் குறைவு. வாடகை வீடுகளின் பட்டியல், உதவியாளர்களின் பட்டியல், சக்கர நாற்காலி ரிப்பேர் பட்டறை. எட் ராபர்ட்ஸால் ஒரு டம்ளரைக்கூடத் தானாகத் தூக்க முடியாது. ஆனால் எப்போது எழுவது, யார் தன்னைத் தூக்குவது, எந்த வீட்டில் இருப்பது என்பதை அவர் முடிவு செய்தார். அவர்கள் அகராதியில் தனித்து வாழ்வது என்றால் அதுதான்.

மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் இந்த யோசனை நம் ஊருக்கு வந்து சேர ரொம்ப நாளாயிற்று. உன் முடிவை நீ எடு என்று சொல்ல, அந்த முடிவெடுக்கும் மனதைத்தானே முதலில் சந்தேகப்படுகிறோம். சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, தெருவில் அலைந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. குணமானவர்களில் பலர் வீடு திரும்பினார்கள். சிலரை எந்த வீடும் ஏற்கவில்லை. அவர்கள் காப்பகத்திலேயே வருஷக் கணக்கில் தேங்கினார்கள். 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. அதில் நான்கைந்து பேர், துணைக்கு ஓர் உதவியாளர். சமையல், சண்டை, டிவி, மார்க்கெட். போர்டு கிடையாது.

பிறகு சட்டமும் வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறை. அதன் 95-ஆம் பிரிவு, எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 19-ஆம் பிரிவு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரைக் காப்பகத்தில் வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு, அதற்கான இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும்.

அந்த 2018-இல்தான் நான் சித்தப்பாவுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா இறந்து இரண்டு வருஷம். பழைய வீட்டை விற்றாயிற்று. அவரை எங்களோடு கூட்டிப்போவதாக அப்பா முடிவு செய்திருந்தார். சித்தப்பா முதல் தடவையாக மறுத்தார். “நான் இங்கனயே இருந்துக்கிறேன். டீக்கடையெல்லாம் பழகிருச்சு.” சட்டத்தின் 19-ஆம் பிரிவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஒன்பது வீடு பார்த்தோம். முதல் வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார். “ஒத்தையா இருக்கவுகளுக்குக் குடுக்குறதில்ல தம்பி.” இன்னொருவர் அட்வான்ஸ் வாங்கி, ரெண்டே நாளில் யாரோ ஏதோ சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லலாமா கூடாதா என்று நானும் அப்பாவும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் சித்தப்பாவின் அபிப்பிராயத்தை நாங்கள் கேட்கவில்லை என்பது ஆறாவது வீட்டில்தான் எனக்கு உறைத்தது. கேட்டேன். “நானே சொல்லிக்கிறேன்,” என்றார். ஒன்பதாவது வீட்டில் அவரே சொன்னார். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான், ராத்திரி தண்ணி மோட்டாரை நிறுத்த ஞாபகம் இருக்குமா என்று.

ஏழு வருஷமாகிறது. நடுவில் ஒரு தடவை, தூக்கமில்லாமல் நான்கு நாள், ஆஸ்பத்திரி வரை போயிற்று. திரும்பி அதே வீட்டுக்கே வந்தார். கதவுக்கு ரெண்டு சாவி. ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்றை அப்பாவிடம் கொடுக்கவில்லை. கீழே இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.