தாலர்: ஒரு பள்ளத்தாக்கின் பெயர்

ஜெர்மன் மொழியில் ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. ‘தாலர்’ என்ற பழைய வெள்ளிக் காசின் பெயருக்குப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்று பொருள். வெள்ளி, எடை, மதிப்பு எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அது நெடுநாள் வாழ்ந்ததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அந்தப் பள்ளத்தாக்கு அன்றைய பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், சாக்சனி எல்லையோர மலைத்தொடரில் இருக்கிறது. அங்கே வெள்ளி கிடைக்கவே, 1516-இல் ஸ்டெஃபான் ஷ்லிக் என்ற பிரபு ஓர் ஊரை அமைத்தார். அன்னை மரியாவின் தந்தை புனித சுவக்கின் (ஜெர்மனில் யோவாகிம்) பெயரால் அது யோவாகிம்ஸ்தால் ஆயிற்று. 1520 வாக்கில் அங்கே பெரிய வெள்ளிக் காசுகள் அச்சாகின. ஒருபுறம் புனிதர், மறுபுறம் பொஹீமியச் சிங்கம். மக்கள் அவற்றை ‘யோவாகிம்ஸ்தாலர்’ என்றார்கள். நாளடைவில் ஊர்ப்பெயரின் முன்பாதி உதிர்ந்தது, வால் மட்டும் நின்றது.

இத்தகைய காசு அங்கே பிறந்ததல்ல. டைரோல் நாட்டின் ஹால் நகரில் 1486-இலேயே வெளிவந்துவிட்டது. அதன் பெயர் ‘குல்டினர்’, அதாவது ஒரு தங்கக் குல்டனுக்கு ஈடான வெள்ளி. சாக்சனியும் 1500-இல் தொடர்ந்தது. ஆனால் யோவாகிம்ஸ்தாலில்தான் காசு இலட்சக்கணக்கில் கொட்டியது. முதலில் செய்தவருக்கல்ல, நிறையச் செய்தவருக்கே பெயர் நிலைத்தது. தவிர, ‘குல்டினர்’ தன் பெயரிலேயே ஒரு விலையைச் சுமந்தது; தங்கத்தின் விலை நகர்ந்ததும் அந்தப் பெயர் பொய்யானது. தாலருக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1566-இல் 68 குரோய்ட்சர் சில்லறை பெற்ற அதே காசு, 1623-க்குப் பின் 90 குரோய்ட்சர் ஆனது. பெயர் அப்படியே இருந்தது.

1566-இன் புனித ரோமானியப் பேரரசு ஆணை எடையை உறுதி செய்தது: கொலோன் மார்க் எடையுள்ள நாணய வெள்ளிக்கு 8 தாலர். சுமார் 29 கிராம் எடை, அதில் ஏறத்தாழ 26 கிராம் தூய வெள்ளி. சேகரிப்பவர் தராசை முதலில் எடுப்பது இதற்காகத்தான்.

நெதர்லாந்தில் அது ‘டால்டர்’, டென்மார்க்கிலும் சுவீடனிலும் ‘டாலர்’, எத்தியோப்பியாவில் ‘தலரி’. ஆங்கிலேயர் வாயில் புகுந்து, ஸ்பானிய வெள்ளிக் காசுக்கும் பெயராகி, 1792-இல் அமெரிக்காவின் சட்டப்படியான நாணயம் ஆயிற்று. சங்கிலியில் கோக்கும் பதக்கத்தையும் நாம் டாலர் என்கிறோம். ஜெர்மானியரும் தாலருக்குக் கொக்கி வைத்து அணிந்ததுண்டு. கொக்கியைப் பெயர்த்தெடுத்த தழும்பு விளிம்பில் இருந்தால் காசின் விலை வெகுவாகக் குறையும். வாங்குமுன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்.

பழைய யோவாகிம்ஸ்தாலரில் ‘தாலர்’ என்ற சொல்லே கிடையாது. சுருக்கிய இலத்தீன் எழுத்துகளில் ஷ்லிக் சகோதரர்களின் பெயரும் பொஹீமியாவின் லூயி மன்னரின் பெயரும்தான் உண்டு. மெல்லிய எழுத்துகள் அவை. அப்படி ஒரு காசு கைக்கு வந்தால், தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள்.