கடைசி இளவரசர் – 7: தம்பி மூட்டிய தீ

1282 மார்ச். குருத்தோலை ஞாயிறை ஒட்டிய இரவு. ஆங்கிலேயர் வசமிருந்த ஹார்டன் கோட்டைக்குள் புகுந்த வேல்ஸ் வீரர்கள் காவலர்களை வெட்டிச் சாய்த்து, கோட்டைத் தலைவர் ரோஜர் கிளிஃபர்டைச் சிறைபிடித்தார்கள். அவர்களுக்குத் தலைமையேற்று வந்தவர் தாவித். எட்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த அண்ணனும் வேல்ஸ் இளவரசருமான லுவெலினைக் கொல்லச் சதி செய்து, இங்கிலாந்து அரசர் எட்வர்டிடம் ஓடிப்போன அதே தாவித்!

1277 போரில் எட்வர்டுக்காக வாளெடுத்தவருக்குக் கிடைத்த கூலி போதவில்லை. போதாததற்கு, அரசரின் அதிகாரிகள் வேறு குடைச்சல் கொடுத்தார்கள். ஆனால் லுவெலின் ஏன் இந்தத் தம்பியோடு கைகோத்தார்? எப்போது கைகோத்தார் என்பதிலேயே வரலாற்றாசிரியர்களுக்குள் தகராறு. ஜூன் மாதம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஜூன் 19 அன்று அவர் மனைவி எலினோர் பிரசவத்தில் இறந்தார். பிறந்தது பெண், குவென்லியன். அந்த நாட்டு வழக்கப்படி மகள் பட்டத்துக்கு வர முடியாது. ஆக, அடுத்த வாரிசு மறுபடியும் தாவித்தான்.

இலையுதிர்காலத்துக்குள் எட்வர்டின் படை ஆங்கில்சி தீவைப் பிடித்துவிட்டது. வேல்ஸ் மலைநாட்டுக்குச் சோறு போட்ட களஞ்சியம் அது. தீவிலிருந்து மெனாய் நீரிணையைக் கடக்கப் படகுகளை வரிசையாகப் பிணைத்துப் பாலம் போட்டார்கள். நவம்பர் 6 அன்று, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, தளபதி லூக் டி டேனி பாலத்தைக் கடந்தார். மலைச்சரிவிலிருந்து வேல்ஸ் வீரர்கள் பாய்ந்தார்கள். பின்வாங்கி ஓடியவர்களுக்குப் பின்னால் கடல் ஏறியிருந்தது. இரும்புக் கவசத்தோடு நீந்தவா முடியும்? டேனியும் மூழ்கினார்.

அந்தச் சமாதானப் பேச்சில் பேராயர் பெக்கம் வழியாக எட்வர்டின் தரப்பிலிருந்து வந்த பேரம் இதுதான்: மலைநாட்டை விட்டுக்கொடுத்தால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருமானமுள்ள நிலம். லுவெலின் மறுத்தார். மறுத்த கையோடு தெற்கே பில்த் பகுதிக்குப் புறப்பட்டார்.

டிசம்பர் 11. இர்வோன் ஆற்றங்கரை. படையைப் பிரிந்து நின்ற ஒரு மனிதரை ஆங்கில வீரன் ஒருவன் வேலால் குத்தினான். குத்தியது யாரை என்று அவனுக்குத் தெரியாது. பிறகு முகத்தை அடையாளம் கண்டார்கள்: லுவெலின்! தலை லண்டனுக்குப் போனது.

ஆனால் உடலில் இரண்டு பொருள்கள் அகப்பட்டன. ஒன்று, அவருடைய முத்திரை. மற்றொன்று, பொய்ப் பெயர்கள் நிறைந்த ஒரு கடிதம். இரண்டும் எட்மண்ட் மார்ட்டிமர் என்ற எல்லைப் பிரபுவின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. விஷயம் காதுக்கு எட்டியதும் பெக்கம் அவசரமாக அரசருக்கு எழுதினார்: இதில் துரோகம் இருக்கிறது!

எட்வர்டின் முகாமிலேயே லுவெலினுக்கு வேண்டியவர்கள் இருந்தார்களா?

(தொடரும்)