தோட்டம் கைமாறிய கதை



தொழில் தொடங்குவது எப்படி என்று மலருக்கு மலர் எழுதுகிறோம். விற்பது எப்படி என்று யாரும் எழுதக் காணோம். கம்பெனியை வித்துட்டான் என்றால் நொடிச்சுப் போனான் என்றே நம்ம பக்கம் அர்த்தம்! தோட்டம் அமைத்துத் தரும் காண்ட்ராக்ட் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தத் தொழிலின் முன்னோடிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

1681-ல் லண்டனை அடுத்த பிராம்ப்டனில் நான்கு தோட்டக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு நாற்றுப்பண்ணை தொடங்கினார்கள். ஜார்ஜ் லண்டன், மோசஸ் குக், ரோஜர் லுக்கர், ஜான் ஃபீல்ட். நால்வரும் பெரிய இடத்துத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பழக்கம்தான் கைமுதல். செடி விற்றதோடு நிற்காமல், தோட்டத்தை வரைந்து நட்டும் கொடுத்தார்கள்.

சில ஆண்டுகளில் லுக்கரும் ஃபீல்டும் காலமானார்கள். குக் விலகிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த ஹென்றி வைஸும் லண்டனும் மிஞ்சினார்கள். லண்டன் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றி வேலை பிடித்தார். ஒரே நாளில் ஐம்பது, அறுபது மைல் போவாராம்! வைஸ் பண்ணையையும் அரண்மனைத் தோட்டங்களையும் கவனித்தார். பண்ணை நூறு ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. ஹாம்ப்டன் கோர்ட், 1705 முதல் பிளென்ஹைம் என்று பெரிய வேலைகள் வந்தன.

1714-ல் லண்டன் மறைந்தார். வைஸ் பண்ணையை ஜோசப் கார்பென்டர், வில்லியம் ஸ்மித் ஆகியோரிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். 1738-ல் இறந்தபோது அவர் பெரும் செல்வந்தர்.

என் கணக்கு இதுதான். குதிரைமேல் இருந்த பாதித் தொழில் லண்டனோடு போயிற்று. மண்ணில் வேர்விட்ட செடிகளும் பழகிய ஆட்களும் நின்றன. கைமாற்ற முடிந்தது அந்தப் பாதியைத்தான். அங்கே தொழில் பழகிய ஸ்டீபன் ஸ்விட்சர் பின்னாளில் புது பாணித் தோட்டக்கலைக்கே நூல் எழுதினார்.

இதை ஏன் சொல்கிறேன்? என் சிறு நிறுவனத்தை ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார். வண்டி, பம்ப்செட், நாற்றங்கால் எல்லாவற்றுக்கும் விலை போட்டாச்சு. ஆனால் வாடிக்கையாளர் பாதிப்பேர் என் முகத்துக்காக வருகிறவர்கள். அதற்கு யார் விலை கொடுப்பார்? ஆகவே இந்த வருஷம் மேஸ்திரிகளை முன்னே அனுப்பி, நான் பின்னே நிற்கிறேன். விற்பனை அதற்குப் பிறகுதான்.

தொழில் தொடங்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே! கைராசியை விற்க முடியாது. கற்றுக்கொடுத்த வேலையை விற்கலாம். முதல் நாளிலிருந்தே பக்கத்தில் ஓர் ஆளைப் பழக்குங்கள்.

பிராம்ப்டன் பண்ணை இருந்த இடத்தில் இன்று தென் கென்சிங்டன் அருங்காட்சியகங்கள் நிற்கின்றன. போனால் பார்த்துவிட்டு வாருங்கள். வளர்க நம் கல்லூரி!