மல்லாட்டை முதல் சவுக்கு வரை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நிலக்கடலையை நிலக்கடலை என்று சொல்பவர் குறைவு. மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. ஏற்றுமதிப் பயிர் உணவுப்பயிரைத் தின்றது என்று பழிப்பது எளிது; வகுப்பறையில் நாமும் அப்படிப் பேசியதுண்டு. ஆயின் மானாவாரிக் கொல்லையில் பலரும் இதனைத் தனியே விதைக்கவில்லை. ஊடே கம்போ துவரையோ நின்றது. மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றொன்று கைகொடுக்கும். கொடியும் பிண்ணாக்கும் மாட்டுக்கு. காய்ந்த கொட்டையில் ஒரு படி பிள்ளைகளுக்கு.

1890களில் பழைய விதை நலிந்து விளைச்சல் சரிந்தபோது, மொரீசியஸ் விதை பயிரை மீட்டது. 1940இல் திண்டிவனத்தின் பெயரைத் தாங்கி டி.எம்.வி. 2 வந்தது. ஏறத்தாழ 105 நாளில் முதிரும் கொத்துக்கடலை. மழை முன்னதாக நின்றுபோகும் ஆண்டுக்கு ஏற்றது. பருவநிலைத் தகவமைப்பு என்ற சொல் பிறக்குமுன்பே நிகழ்ந்த தகவமைப்பு என இதனைக் கொள்ளலாம்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியச் சிற்றூர்கள் பற்றிய நூலில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் இடம்பெற்றது. அவ்வூரை 1930களிலும் 1981இலும் 2008இலும் அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். நூறாண்டு நெடுகக் கவனிக்கப்பட்ட ஊர்கள் நம் நாட்டில் மிகச் சில. அங்கே பெருநிலக்காரரை அண்டிக் கூலிநெல் வாங்கிய குடும்பங்களின் தளை தளர்ந்ததில் நியாயவிலைக் கடைக்குப் பங்குண்டு. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 சூனில் விலையின்றியே கிடைத்தது. பசியை அது தடுத்தது. இதை மறுப்பவர் பசியறியாதவர்.

ஆனால் அரிசி மட்டுமே உணவன்று. ஆழ்துளைக் கிணறு உள்ளவர் கரும்புக்குப் போனார். நீரும் ஆளும் குறைந்தவர் சவுக்கு நட்டார். வறட்சியைத் தாங்கும், களையெடுப்பு குறைவு, சில ஆண்டில் மொத்தமாகப் பணம். உழவர் கணக்கில் இதில் பிழையில்லை. பிழை அடுப்படியில் தெரிகிறது: துவரை இல்லை, கம்பு இல்லை, மாட்டுக்குக் கொடியில்லை, களையெடுத்த பெண்ணுக்குக் கூலியும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இதற்குச் சவுக்கே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வயிறு நிறைவதும் உடல் தேறுவதும் வேறு வேறு என்பதை மட்டும் அந்த எண் காட்டுகிறது.

2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் கரைகடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி இருவேல்பட்டிலும் வெள்ளம் புகுந்தது. சில நாளில் அவ்வூரார் நிவாரணம் கேட்டு நெடுஞ்சாலையில் மறியலுக்கு அமர்ந்தனர்.