தந்தையின் தொட்டியும் மகனின் மண்ணும்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் எவரும் பாசியோடு ஒருமுறையேனும் மல்லுக்கு நின்றிருப்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைத் தேய்த்து, நீரை மாற்றி, மனநிறைவோடு எழுகிறோம். அடுத்த ஞாயிறு வருமுன் பச்சை திரும்பிவிடுகிறது. கை பட்டால் விலகி, கை எடுத்தால் மூடிக்கொள்ளும் பாசியைப் பசலைக்கு உவமையாக்கிய பரணருக்கு இது வியப்பளித்திராது. நம் வீட்டுத் தொட்டியிலும் ஈராண்டுகள் இப்படித்தான் கழிந்தன. ஒருமுறை சினம் மிகுந்து, தொட்டியை வெந்நீரால் கழுவி, சரளைக் கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் கொதிக்கவைத்து, புதுநீர் நிரப்பினோம். பாசி போயிற்று, நான்காம் நாள் மீன்களும் போயின. அந்தக் குற்ற உணர்வே இத்தொட்டிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டிற்று.

அவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே பாசி இருக்கிறது. இலண்டனில் மருந்தாளுநர் சங்கத்தின் வேதியியலாளராகப் பணியாற்றியவர் இராபர்ட் வாரிங்டன். 1841இல் அந்நகரில் வேதியியல் கழகம் தோன்ற முன்னின்றவர். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைத் தாவரம் ஏற்றுப் பிராணவாயுவைத் திருப்பித் தரும் என்பது அன்றே அறிந்த செய்தி. அந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு சிறு கலத்துக்குள் நீரை மாற்றாமலே நீடிக்கச் செய்ய இயலுமா என்பதே அவருடைய வினா. 1849இல், 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலமொன்றின் அடியில் மணலும் சேறும் இட்டு, நீர் ஊற்றி, நாடா போன்ற நீண்ட இலையுடைய வாலிஸ்னேரியாச் செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்னர் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கிற்று. நீர்ப்பரப்பிலும் கண்ணாடியிலும் பச்சை வழுக்கல் படர்ந்தது. வாரிங்டன் கலத்தைக் கவிழ்த்துவிடவில்லை. குளத்தில் இந்த அழுகலை அகற்றுவது யார் என்று எண்ணிப் பார்த்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகிய இலையையும் வழுக்கலையும் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு உணவாயின. நீர் தெளிந்தது. 1850இல் வேதியியல் கழகத்தின் இதழில் இச்சோதனையை வெளியிட்டார். மீன், செடி என்னும் இருவர் கூட்டில் மூன்றாமவராக நத்தை இடம்பெற்றது பாசியால்தான்.

கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீங்கியிருந்தது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்னும் சொல்லையே வழக்கில் நிறுத்திற்று. கூடந்தோறும் தொட்டிகள் ஏறின. ஆனால் மூவர் கூட்டு எல்லா வீட்டிலும் நிலைக்கவில்லை. சன்னல் வெயிலில் கண்ணாடி பச்சையாயிற்று, மீன்கள் மடிந்தன. தொட்டிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டதை 1868இல் ஜே. ஜி. வுட் பதிவு செய்தார். எங்கே பிசகிற்று?

விடை தொட்டியிலிருந்து வரவில்லை. வயல் மண்ணிலிருந்து வந்தது. அதற்குப் பெரும்பங்கு ஆற்றியவர் வாரிங்டனின் மகன். அவர் பெயரும் இராபர்ட்தான். தந்தை கலத்தை அமைத்தபோது அவருக்கு ஏறக்குறையப் பதினோரு வயது. பின்னாளில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தார். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் செயல் என்று 1877இல் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங்கும் முன்ட்சும் காட்டியிருந்தனர். அம்மாற்றம் இரு படிகளில், இரு வேறு நுண்ணுயிர்களால் நிகழ்வதை மகன் வாரிங்டன் தெளிவுபடுத்தினார்: முதலில் நைட்ரைட், பின்பு நைட்ரேட். அவ்வுயிர்களைப் பிரித்தெடுக்க அவர் அரும்பாடுபட்டும் கைகூடவில்லை. 1890இல் ருஷ்யரான வினோகிராட்ஸ்கி அதைச் செய்து முடித்தார்.

தொட்டியிலும் நிகழ்வது இதுவே. மீன்கழிவின் அம்மோனியா நஞ்சு. சரளையிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. செடி உண்டது போக மிஞ்சும் நைட்ரேட்டும், அளவை மீறிய வெளிச்சமும் சேரும் இடத்தில் பாசி முளைக்கிறது. தந்தையின் கலத்தில் நான்காமவராக இவ்வுயிர்களும் சேற்றில் குடியிருந்திருக்க வேண்டும், அவர் அறியார். நாம் கொதிக்கவைத்துக் கொன்றது அந்த நான்காமவரைத்தான். பாசியோ பகைவனன்று, மிகுதியைக் காட்டும் கணக்கேடு. ஏட்டைக் கிழிப்பதால் கடன் தீராது.

இப்போது தொட்டியைச் சன்னலை விட்டு அகற்றி வைத்திருக்கிறோம். விளக்கு நாளுக்கு ஏழு மணி நேரம் மட்டுமே. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே இரை. வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றுகிறோம். பஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த நீரில், குழாய்நீரில் அன்று. விரைந்து வளரும் செடிகள் கூடியிருக்கின்றன. முன்கண்ணாடியை மட்டும் துடைக்கிறோம். பின்கண்ணாடியில் மெல்லிய பச்சை இருக்கவே செய்கிறது. அது நத்தைகளின் பங்கு.