தோர்பெக்கும் 1853ஆம் ஆண்டுப் பதவி விலகலும்

நெதர்லாந்தின் 1848ஆம் ஆண்டு அரசியலமைப்பை விதிகளின் தொகுப்பாக மட்டும் வாசிப்போர், அதனை வகுத்த யோகான் ருடால்ப் தோர்பெக்கை (1798–1872) முழு வெற்றியாளராகவே காண்பர். லெய்டன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரான அவர், 1844இல் எண்மருடன் சேர்ந்து முன்வைத்த திருத்த முன்மொழிவு ஏற்கப்படவில்லை. ஐரோப்பியப் புரட்சிகளைக் கண்டு அஞ்சிய மன்னர் இரண்டாம் வில்லியம், 1848 மார்ச்சில் அவரையே திருத்தக் குழுவின் தலைவராக்கினார். அமைச்சர்களின் பொறுப்புடைமை, இரண்டாம் அவைக்கு நேரடித் தேர்தல் ஆகியன இவ்வாறு சட்டமாயின. குறிப்பிட்ட அளவு வரி செலுத்தியோருக்கே வாக்குரிமை இருந்தமையால் இதனை மக்களாட்சி என்பது மிகை.

1849இல் தோர்பெக் அமைச்சரவை அமைத்தார். 1851இன் உள்ளாட்சிச் சட்டம் அவரது நிலைத்த பணி. அவரது கொள்கைக்கான சோதனை 1853இல் வந்தது. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்படுவதைத் தடுக்க அரசியலமைப்பில் இடமில்லை என அமைச்சரவை கருதியது. புராட்டஸ்டண்டுகளின் எதிர்ப்பு மனுவை மூன்றாம் வில்லியம் ஆம்ஸ்டர்டாமில் பரிவுடன் பெற்றுக்கொண்டார். அமைச்சர்களைக் கடந்து மன்னர் செயற்படலாகாது என்பதே 1848இன் சாரம். அதனை எழுதியவரே பதவி விலக நேர்ந்தது. எனினும் ஆயர்கள் அகற்றப்படவில்லை. தோர்பெக் 1862இலும் 1871இலும் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். நாடாளுமன்றத்தின் மேலாண்மையோ 1866–1868 மோதல்களில்தான் நடைமுறையில் உறுதிப்பட்டது. அப்போது அவர் அமைச்சராக இல்லை.