மணற்பெட்டியும் முதுமைப் பூனையும்

மனிதனோடு வாழும் விலங்குகளுள் நாய்க்கும் குதிரைக்கும் ஆவிற்கும் வரலாறு எழுதினோர் பலர். பூனைக்கு எழுதினோர் சிலரே. அதிலும் பூனை கழிவிற்குப் பயன்படுத்தும் மணற்பெட்டிக்கு வரலாறு ஒரு கேடா என்று நகைப்போரும் உளர். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒழுங்காக இருந்த பூனை ஒருநாள் பெட்டியை விட்டு விலகிக் கட்டிலடியிலும் துணிக்குவியலிலும் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அவ்வீட்டில் எழும் பூசல் நகைப்பிற்குரியதன்று. "கிழடாகிவிட்டது, எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்னும் சொல் அப்பொழுதுதான் பிறக்கிறது. அச்சொல் முறையானதுதானா என அறியவேண்டுமாயின், பூனையும் பெட்டியும் மனிதன் வீட்டிற்கு வந்த வழியைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பாலை நிலத்துப் பிறப்பு

வீட்டுப் பூனையின் முன்னோர், வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்தவை. மனிதன் உழுது விளைத்துத் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் அடக்கம் செய்யப்பட்ட குழியின் அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவ்விரண்டு உயிர்களின் உறவு அத்துணைப் பழமையானது.

தமிழரும் பூனையை நன்கு அறிந்தவரே. தொல்காப்பியத்து மரபியல், விலங்குகளின் பெயர் மரபை வகுக்குமிடத்து வெருகு, பூசை என்னும் பெயர்களைக் குறிப்பிடுகிறது. வெருகின் இளமைப் பெயராகக் குட்டி என்பதையும் கூறுகிறது. இன்றும் நாம் பூனைக்குட்டி என்றே வழங்குகிறோம்.

பாலை நிலத்துப் பிறப்பு பூனையின் உடம்பில் இரண்டு அடையாளங்களை விட்டுச் சென்றது. ஒன்று, மணலைக் கால்களால் பறித்துக் கழிவை மூடும் வழக்கம். மற்றொன்று, குறைந்த நீரைக் குடித்துச் சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றும் சிறுநீரகம். முன்னது மணற்பெட்டிக்கு வழி செய்தது. பின்னது முதுமையில் தளர்கின்ற உறுப்பாயிற்று.

பழைய எகிப்தியர் பூனையைப் பெரிதும் போற்றினர். வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் தம் புருவத்தை மழித்துக் கொள்வர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதினார். அந்நாட்டில் பதப்படுத்திப் புதைக்கப்பட்ட பூனை உடல்கள் 1890-ஆம் ஆண்டில் சுமார் 19 டன் அளவு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுகத்திற்குக் கப்பலேறி, வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. ஒரே உயிரை மனிதன் ஒரு காலத்தில் எவ்வாறு மதித்தான், மற்றொரு காலத்தில் எவ்வாறு மதித்தான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

1947-ஆம் ஆண்டுக் குளிர்காலம்

பல்லாயிரம் ஆண்டுகள் பூனைக்குக் கதவு திறந்தே இருந்தது. அது வெளியே சென்று தன் கடனை முடித்து மீண்டது. நகர வீடுகளில் அதனை உள்ளே வைத்திருந்தவர்கள் மணலையோ மரத்தூளையோ அடுப்புச் சாம்பலையோ பெட்டியில் நிரப்பினர். நாற்றமும் வீடெங்கும் கால் சுவடும் மிஞ்சின.

1947-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கசோபொலிஸ் என்னும் சிற்றூரில் ஒரு மாறுதல் நேர்ந்தது. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் தம் மணற்குவியல் உறைந்துபோனதால், எட்வர்ட் லோ என்பவரிடம் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். லோ கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். தொழிற்சாலைத் தரைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்களை விற்கும் தந்தையின் தொழிலில் இருந்தார். அவர் மணலுக்குப் பதிலாக உறிஞ்சு களிமண்ணைக் கொடுத்தார். கம்பளியிலுள்ள பிசுக்கை நீக்கப் பண்டு தொட்டு மேனாட்டார் பயன்படுத்தியதும், நம் மக்கள் முல்தானி மட்டி என்று முகத்திற்குப் பூசுவதும் அவ்வகை மண்ணே. அது ஈரத்தை விரைந்து உறிஞ்சியது, நாற்றத்தையும் தணித்தது. அம்மையார் மீண்டும் அதையே கேட்டு வந்தார்.

லோ ஐந்து இராத்தல் கொண்ட பத்துப் பைகளில் அம்மண்ணை நிரப்பி, 65 காசு விலை வைத்துக் கடைக்கு எடுத்துச் சென்றார். மணல் அற்ப விலைக்குக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்று கடைக்காரர் ஐயுற்றார். முதலில் சும்மா கொடுங்கள் என்று லோ சொன்னார். வாங்கியவர் காசு கொடுத்து மறுபடியும் வாங்கினர். 1990-இல் அத்தொழிலை அவர் விற்றபோது அதன் மதிப்பு 20 கோடி டாலர். 1980-களில் தாமஸ் நெல்சன் என்னும் உயிர்வேதியியலார், ஈரம் பட்டவுடன் கட்டியாகும் பெண்டனைட்டு மண்ணைப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். அதனால் கட்டியை மட்டும் அள்ளி எறிவது எளிதாயிற்று.

நீண்ட ஆயுளும் புதிய நோயும்

மணற்பெட்டி வந்ததால் கதவை மூட முடிந்தது. வண்டியில் அடிபடுதலும் பிற பூனைகளோடு பொருதலும் குறைந்தன. உணவும் திருந்தியது. டாரின் என்னும் பொருள் உணவில் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும் என்பதை 1987-இல் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் காட்டினர். அதன்பின் உணவு செய்வோர் அப்பொருளைக் கூட்டிச் சேர்த்தனர். டெக்சஸ் மாநிலத்தில் 1967-இல் பிறந்த ஒரு பூனை 2005 வரை, 38 ஆண்டுகள், வாழ்ந்து உலகப் பதிவேட்டில் இடம் பெற்றது.

ஆயுள் நீண்டதும் முதுமை நோய்கள் வெளிப்பட்டன. தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கும் நோய் பூனைக்கு உண்டென்று 1979-இல்தான் மருத்துவ உலகம் முதன்முதல் விளக்கிக் கூறியது. 2002-இல் அமெரிக்காவில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்தபோது 90 பூனைகளில் மூட்டுத் தேய்வின் அறிகுறி காணப்பட்டது. சிறுநீரகத் தளர்ச்சியோ முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்.

பெட்டியை விட்டு விலகும் பூனையின் செயலை இவ்விடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் சிறுநீரைச் செறிவாக்க இயலாது. பூனை மிகுதியாக நீர் குடிக்கும், மிகுதியாகக் கழிக்கும், நேற்றுப் போதிய பெட்டி இன்று போதாது. மூட்டு தேய்ந்தால் உயர்ந்த விளிம்பைத் தாண்டுவது வலி. நீர்ப்பை அழற்சியுற்றால், வலி உண்டான இடம் பெட்டியே என்று எண்ணிப் பூனை அதனை வெறுக்கும். நீரிழிவும் தைராய்டு நோயும் அவ்வாறே சிறுநீரைப் பெருக்கும். பெட்டியில் குந்தியும் சிறுநீர் வாராமல் ஆண் பூனை முக்குமாயின், அது நீர்த்தாரை அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரையே போக்கும். வீட்டார் பிடிவாதம் என்று கருதுவது பெரும்பாலும் நோயின் முறையீடாகவே இருக்கும்.

செலவை ஏற்பவர் யார்?

நோய் என்று தெரிந்தபின் எழும் கேள்வி பணத்தைப் பற்றியது. குருதிச் சோதனை, சிறுநீர்ச் சோதனை, தனி உணவு, நாள்தோறும் மருந்து என்று செலவு ஆண்டுக்கணக்கில் தொடரும். ஏழையின் வீட்டில் இஃது எளிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு முதலில் செயலால் விடை கூறியோருள் ஒருவர் மரியா டிக்கின் அம்மையார். இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழை மக்களைக் காணச் சென்றவர், அவர்தம் விலங்குகள் மருத்துவமின்றி வருந்துவதைக் கண்டார். 1917-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் நடுவே, வைட்சேப்பலில் ஒரு நிலவறையில் இலவச மருத்துவ நிலையம் திறந்தார். பணமில்லாதவனும் தன் விலங்கை நேசிப்பான் என்பதே அந்நிலையத்தின் அடிப்படை.

அதே நகரம் மறுபக்கத்தையும் காட்டியது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்ட முதல் வாரத்திலேயே இலண்டனில் சுமார் 4 இலட்சம் நாய் பூனைகள் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். அவற்றைக் கொல்லும்படி அரசு ஆணையிடவில்லை. குண்டுக்கும் உணவுத் தட்டுப்பாட்டிற்கும் அஞ்சிய உரிமையாளரே அவற்றை ஏந்திச் சென்று வரிசையில் நின்றனர். அச்சம் வந்தபோது முதலில் கைவிடப்பட்டது வாயில்லா உயிரே.

அண்மைக் காலத்தில் ஜப்பானில் நடந்தது வேறு வகை. பூனைக்குச் சிறுநீரக நோய் மிகுவதேன் என்பதற்கு ஏ.ஐ.எம். என்னும் புரதம் பூனையின் உடம்பில் சரிவரச் செயற்படாமையே ஒரு காரணம் என்று தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தோரு மியாசாக்கி 2016-இல் விளக்கினார். பெருந்தொற்றினால் அவரது ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுவிட்டதென்று 2021 சூலையில் செய்தி வந்தது. பூனை வளர்ப்போர் சிறுதொகைகளை அனுப்பினர். சில மாதங்களுக்குள் 20 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது.

நம் அருகில்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்ப்பது 1989 முதல் தடுக்கப்பட்டிருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அத்தடை நீங்கியது. ஒரு வீட்டிற்கு இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்க இடமளிக்கப்பட்டது. உடலில் அடையாளச் சில்லு பொருத்துவதும் விதியாயிற்று. அடுக்குமாடியில் வாழும் பூனைக்குத் தோட்டமில்லை, மணற்குவியலுமில்லை. பெட்டி ஒன்றே அதன் வெளியுலகம். இன்று உரிமம் பெறும் இளம் பூனை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதுமை எய்தும். அதனை வாங்கும் நாளிலேயே அந்நாளுக்கும் சிறிது சேர்த்து வைப்பது அறிவுடைமை.

செலவில்லாத உதவியும் உண்டு. விளிம்பு தாழ்ந்த பெட்டி, பூனையின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாகப் பெட்டி, நாள்தோறும் அள்ளித் தூய்மை செய்தல், ஓசையில்லாத இடம், அருகில் நல்ல நீர் ஆகியவை எவர்க்கும் இயலும். இவை செய்தும் மாறாவிடின் விலங்கு மருத்துவரிடம் காட்டுவதே வழி. இனி மருந்து பயனில்லை, வலி மட்டுமே மிஞ்சும் என்று மருத்துவர் கூறுமிடத்து, துன்பமின்றி உயிர் நீங்கச் செய்வதும் அருளின்பாற்பட்டதே. தெருவில் விட்டுவிடுவது அவ்வாறன்று. அது செலவிலிருந்து மனிதனை விடுவிக்கும். பூனையைப் பசிக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் ஒப்படைக்கும்.

பெட்டியைப் பூனை கேட்கவில்லை. தன் வீடு தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக மனிதன் அதனை வைத்தான். பூனை பல ஆண்டுகள் அவன் விருப்பிற்கு இணங்கி நடந்தது. கால் தளர்ந்த நாளில் அந்த விளிம்பை இரண்டு விரற்கடை தாழ்த்திக் கொடுப்பது மனிதன் முறை.